குச்சியடியில் கிடந்த ஆந்தை

மார்கழி 9, செவ்வாய்

ஆந்தை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்று வயல் நடுவே குச்சி நட்டவன் நான். அப்படியும் எலிகள் சம்பாக் கதிரை வெட்டவே, பொறுக்காமல் போன வாரம் வரப்பில் எலிமருந்தும் வைத்தேன். இன்று காலை குச்சியடியில் ஆந்தை செத்துக் கிடந்தது.

"பாம்பு கடிச்சிருக்குமோங்க? நம்ம பக்கம் மிஞ்சியிருந்ததே இந்த ஒரு ஜோடிதான்," என்றார் பக்கத்து வயல் செல்வம்.

"இருக்கும்ங்க," என்றேன், வெட்கமில்லாமல். என்னைப் பார்த்துத் தன் வயலிலும் குச்சி நட்டவர் அவர். அவரே குழிவெட்டிப் புதைத்தார்.

சாயங்காலம் மிச்ச மருந்தைப் பொறுக்கப் போனேன். வரப்பில் செல்வம் நின்றார். பார்த்துவிடுவாரே என்று திரும்பிவிட்டேன். அப்போதுதான் செத்ததன் ஜோடி அதே குச்சியில் வந்து உட்கார்ந்தது. இந்நேரம் அதுவும் எலி பிடித்துக்கொண்டிருக்கும்.