சாம்பியன் கட்டிய வாட்ச்

வேப்பனப்பள்ளி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி மாதேஷுக்கு, அக்கா சுமலதா எழுதுவது.

நலமா என்று கேட்டுத் தொடங்க இந்த முறை மனம் வரவில்லை. உன் மாமா நம்மை விட்டுப் போய்விட்டார். போன வியாழக்கிழமை, பெங்களூர் ஆஸ்பத்திரியில். உனக்குச் சொல்ல எத்தனையோ முறை கூப்பிட்டோம். போன் அணைந்தே கிடக்கிறது. உன்னோடு வேலை பார்த்த மாரிமுத்துதான் புனே கம்பெனி முகவரியைத் தேடிக் கொடுத்தான். இந்தக் காலத்தில் சாவுச் செய்தியைத் தபாலில் அனுப்ப வைத்தவன் நீ ஒருத்தன்தான்டா.

வாட்ச் விஷயத்தைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. கல்லீரல் மாற்ற வேண்டும் என்றதும் அதை விற்கலாம் என்று சொன்னதே மாமாதான். அவர் ரேஸ் மெக்கானிக்காக இருந்த காலத்தில், சாம்பியன் பட்டம் ஜெயித்த அன்று, கார் ஓட்டிய மோகன்குமார் சார் தன் கையிலிருந்து கழற்றிக் கட்டிவிட்ட வெளிநாட்டு வாட்ச். பின்பக்கம் சாருடைய பெயரும் கார் நம்பரும் பொறித்திருந்தது. சாரும் போய்விட்ட பிறகு, அது அவர் கட்டியது என்பதற்கு அந்தப் பெயர் ஒன்றுதான் சாட்சி.

பழைய வாட்ச் சேர்க்கிற பெங்களூர்க்காரர் பார்க்க வருகிறார் என்றதும் உனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஓசூரில் வாட்சுக்குப் பாலீஷ் போடுகிறவன் வீட்டிலிருந்து கீறலோடு ஒரு வாட்ச் போகலாமா என்று கம்பெனிக்கு எடுத்துப் போய், மெஷினில் முன்னும் பின்னும் பிடித்துவிட்டாய். புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று வந்தது. நாங்களும் ஆகா என்றோம். திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வந்தவர்தான் திருப்பிப் பார்த்தார், பெயர் எங்கே என்று கேட்டார். புது வாட்ச் வேண்டுமென்றால் கடையில் வாங்கிக்கொள்வேனே என்று சொல்லி, கொடுத்த காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார். அன்று சாயங்காலமே நீ பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய்.

பொய் சொல்லமாட்டேன், எனக்குக் கோபம் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து உன்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். மாமாதான் அடக்குவார். "ஏன்டி அவன வையற? உனக்கு மட்டுந்தான் தம்பியா, எனக்கும் மச்சான்தான். தெரிஞ்ச வேலய ஆசையா செஞ்சான்" என்பார். கடைசிவரை அந்த வாட்சைக் கழற்றவில்லை. கை மெலிந்து, அது முழங்கை வரை நழுவும். ஊசி போட வரும் நர்ஸ்களிடம் சாம்பியன் கதையைச் சொல்லவே மாட்டார். "எம் மச்சான் போட்ட பாலீஷும்மா, மூஞ்சி பாத்துக்கலாம்" என்று கையை நீட்டுவார். அந்தப் பெண்களும் சிரித்துக்கொண்டே குனிந்து பொட்டைச் சரிசெய்துகொள்வார்கள்.

ஆபரேஷன் நடந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாதம்மா என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நீயும் உன்னை நீயே கேட்டு வதைத்துக்கொள்ளாதே.

மாமாவின் குருபரப்பள்ளி ஒர்க் ஷாப்பைப் பூட்டியாகிவிட்டது. அனுப்ரியா அடுத்த வாரம் செல்போன் கம்பெனி வேலைக்குத் திரும்புகிறாள். அப்பாவுக்கு ஈரலைக் கொடுக்கத் தயாராக நின்ற பிள்ளை, இன்னும் ஒரு சொட்டு அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. உன்னைப் பார்த்தால் அழுவாள் என்று நினைக்கிறேன். அங்கே நீ என்ன சாப்பிடுகிறாய்? தினமும் சப்பாத்தி உனக்கு ஒத்துக்கொள்ளாதே.

அடுத்த ஞாயிறு கருமாதி. "பொறந்த ஊட்டு சீல யாரு கொண்டாராங்க?" என்று நாத்தனார் ரங்கம்மா கேட்டார். நம் பெரியப்பா மகன் தானே எடுத்துத் தருவதாகச் சொன்னான். அப்பா அம்மா இல்லாவிட்டாலும் எனக்குத் தம்பி இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். தாலியை இறக்கியதும் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். கூடப்பிறந்தவன் சேலையைப் போர்த்தி, அவன் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் என்னைப் பார்ப்பார்கள். அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்றுதானே ஓடிப்போனாய்? அன்றைக்கு என் முகத்தைப் பார்க்க உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை. வந்துவிடுடா, சாமி.

வழியை எதிர்பார்த்திருக்கும்,
உன் அக்கா
சுமலதா