கடைசி மறுப்பு

பெப்ரவரி 9, திங்கள்
விடியத் தூறல். வேலைக்கு விடுப்பு. ஹவுன்ஸ்லோவிலிருந்து தம்பி சுதனுடன் ஸ்ட்ரெதம், ரேவதி மேடத்தின் அலுவலகம். மதுரைக்காரர். அவனுடைய அகதி வழக்கைத் தொடக்கத்திலிருந்து நடத்துகிறவர்.

மேல்முறையீட்டுக்குக் கேட்ட அனுமதி மட்டும்தான் மிச்சம். இப்போதே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று கேட்டேன். முடியாதாம். இந்த நாட்டில் உள்ள வழியெல்லாம் முடிந்த பிறகுதானாம்.

"அப்ப இஞ்ச இல்லையெண்டு சொன்னாத்தானே நல்லது?" சுதன்.

மேடம் அவன் பக்கம் திரும்பினார். "இல்லைன்னு வந்துட்டா உங்களைத் திருப்பி அனுப்ப அவங்களுக்குத் தடையே இருக்காது. அதுக்கும், அந்த ஐரோப்பா கோர்ட்லேருந்து நான் தடை வாங்குறதுக்கும் நடுவுல இருக்கிற நாளைத்தான் நினைச்சுப் பயப்படறேன்."

வரும்போது டூட்டிங் கடைத்தெரு. இடியப்ப மா, தேங்காய்ப்பால், மிளகாய்த்தூள். முருங்கைக்காய் வாடல், வாங்கவில்லை.

பெப். 11, புதன்
வெயில், ஆனாலும் குளிர். சுதன் குசினிக் குழாயைத் திருத்தினான். நனைந்த சட்டையைக் கழற்றினான். முதுகு முழுக்கச் சூடு வைத்த தழும்பு, ஊரில் இராணுவ முகாமில் வைத்தது. இங்கே நீதிபதி தழும்பை நம்பினார், அவன் சொன்ன காரணத்தை நம்பவில்லை.

மத்தியானம் ஊரிலிருந்து அம்மா அழைத்தார். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்களாம். சுதன் எப்போது வருகிறான் என்று கேட்டார்களாம். எப்போது என்று.

அவனுக்குச் சொல்லவில்லை.

பெப். 13, வெள்ளி
மறுப்பு வந்துவிட்டது. இனி இங்கே ஒன்றும் மிச்சமில்லை. மேடம் இன்றே ஐரோப்பாவுக்கு விண்ணப்பம் அனுப்புகிறார். முடிவு வரும்வரை அவனை அனுப்பக்கூடாதென்று அவசரத் தடையும் கேட்கிறார். நல்ல செய்தியா, கெட்டதா? தேநீரில் சீனி இரண்டு தரம் போட்டேன்.

திங்கள் அவன் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கும் நாள். போகாதே என்றேன். போகாவிட்டால் ஓடிவிட்டான் என்று எழுதுவார்களாம்.

பெப். 16, திங்கள்
மழை. கையெழுத்து அலுவலகத்துக்கு வெளியே நான். அவனுக்குப் பின்னால் நின்ற தமிழ் ஆள் வெளியே வந்து என்னைத் தேடினார். "அக்கா, நிக்காதேங்கோ. உங்கட தம்பியை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போட்டினம்."

பெப். 18, புதன்
தடுப்பு முகாமில் இருக்கிறான். ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள், அடுத்த புதன். மோட்டார் சைக்கிள்காரர்களைப் பற்றி இன்றுதான் மேடத்திடம் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இது புது விஷயம். நேரா ஐரோப்பாவுல சொல்ல முடியாது. முதல்ல இங்கதான் சொல்லணும்."

முடிந்தது என்றார்களே. மறுபடி இங்கேயா?

அவர்கள் வந்ததை எழுதி அம்மாவிடம் சத்தியக்கடதாசி வாங்க வேண்டும். ஊரில் எந்தச் சட்டத்தரணி கையெழுத்துப் போடுவார்?

பெப். 20, வெள்ளி
ஒருவர் போட்டார். தன் பெயர் வெளியே வரக்கூடாதாம். மேடம் அதை இங்கே குடிவரவு அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். அம்மா தொலைபேசியில் மெதுவாகத்தான் பேசுகிறார். முற்றத்தில் ஆரோ நிற்கிறார்களாம்.

பெப். 24, செவ்வாய்
காற்று. இங்கிருந்தும் பதில் இல்லை, ஐரோப்பாவிலிருந்தும் இல்லை. மேடம் அலுவலகத்தை விட்டு அசையவில்லை.

சுதன் அழைத்தான். உடுப்புப் பை கொண்டுவரச் சொன்னார்களாம். இரண்டு சேர்ட், ஒரு ஜீன்ஸ், சவரச் சாமான். தடித்த ஜாக்கெட்டையும் வைக்கவா என்று கேட்டேன்.

"வேண்டாம் அக்கா. காவலுக்கு நிக்கிறவரிட்டைக் கேட்டனான். போற இடத்தில குளிராதாம்."