மருதாணி பூசிய கால்கள்

பூந்தமல்லி,
1931 ஜூலை 9.

என் அருமைத் தம்பி நஜீருக்கு அக்காள் ஃபக்ருன்னிசா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் ஏதோ இருக்கிறோம். உடைந்த உன் இடுப்பெலும்பு சரியாகக் கூட வேண்டும் என்று ஐந்து வேளையும் துவா கேட்கிறேன்.

வாலாஜாவிலிருந்து நீ போட்ட கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அடுத்த மாதம் முதல் குதிரையேறி ஊர் ஊராகப் போய் அம்மை குத்தாவிட்டால் உத்தியோகம் போய்விடும் என்கிறாய். ராணிப்பேட்டை வியாபாரியிடம் ஆளைக் குலுக்காமல் போகும் ரவால் நடைக் குதிரை ஒன்று இருக்கிறது, செவலைப் பெட்டை, சுழி சுத்தம், நாலு காலும் குளம்பு வரைக்கும் ஒரே சிவப்பு என்று எழுதியிருக்கிறாய். சொம்புத் தண்ணீரைக் கையில் பிடித்து ஏறினாயாம், ஒரு சொட்டு சிந்தவில்லையாம். அதைப் படித்ததும் அடுப்பில் இருந்த உலையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் குதிரையை வாங்காதே, தம்பி.

அது நாற்பது நாள் எங்கள் கொல்லையில் நின்ற குதிரை. ரவால் நடை பிறவியில் வர வேண்டும். அதற்கு அது கிடையாது. வியாபாரி கேட்டுக்கொண்டதால் உன் மச்சான் ஒரே பக்கத்து முன்னங்காலையும் பின்னங்காலையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி நடத்தி நடத்திப் பழக்கினார். நேரான ரோட்டில் நன்றாகத்தான் போகும். சில மாதத்தில் பழக்கம் விட்டுப்போகும். அப்புறம் ஏதாவது ஒரு சரிவில் கால் பின்னித் தலைகுப்புற விழும். முன்பு இப்படிப் பழக்கிய இரண்டு குதிரைகள் அப்படி விழுந்தன. இன்னொரு தரம் இடுப்பு உடைந்தால் எழுந்து நடக்க மாட்டாய் என்று டாக்டர் சொன்னதை நீதான் எழுதினாய்.

கயிறு உராய்ந்த இடத்தில் மயிர் வெள்ளையாக முளைத்தது. அதை மறைக்கத்தான் மருதாணி. பக்ரீதுக்குக் காயவைத்த இலை மீதி இருந்தது; அரைத்துக் கொடுத்தது நான். யாரோ வாங்கப் போகிறான், எனக்கென்ன என்று இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

நீயும் நல்ல ஆள்தான். ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் ஊசி குத்தத் தெரிந்தவனுக்குக் குதிரையின் காலைத் தொட்டுப் பார்க்கத் தெரியவில்லை. சுழியை எண்ணிக்கொண்டு நின்றாயாக்கும். இனி எங்கே பார்த்தாலும் விடியற்காலையில் சொல்லாமல் போ. வியாபாரி அதை ஓட்டிச் சூடேற்றுவதற்கு முன்னால் பார். ஈரத்துணியால் கணுக்காலைத் தேய். ஏரிக்கரைச் சரிவில் இறக்கு. கடிவாளத்தைத் தளர்த்திவிடு, சொந்த நடையாக இருந்தால் அப்போதும் மாறாது. ஒரு சுற்று போதாது, உன் இடுப்பு வலிக்கத் தொடங்கும் வரைக்கும் போய்ப் பார்.

இதை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் உன் மச்சானுக்கு முகம் செத்துவிட்டது. “எழுதிகினு இன்னா ஆகப்போவுது? வெளிய தெரிஞ்சா எவன் என்னாண்ட குதிரை வுடுவான்?” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. எங்களுக்கு வேறு தொழில் தெரியாது. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்று காலையில் பார்த்தால் சாம்பலுக்குப் புது லாடம் அடித்துக்கொண்டிருந்தார். அதுதான், நெற்றியில் ரெட்டைச் சுழி, ராசியில்லை என்று போன வருஷம் நீ வேண்டாம் என்ற குதிரை. அதற்குப் பிறவியிலேயே ரவால். முட்டி இரண்டும் தேய்ந்த மனிதர், அது இல்லாமல் திருமழிசை வரைக்கும்கூடப் போக முடியாது. எதற்கு இப்போது லாடம் என்று கேட்டேன். தலை நிமிராமல், “வாலாஜா வரைக்கும் கல்லு ரோடாச்சே” என்றார்.

இந்தக் கடிதம் கிடைத்த இரண்டு மூன்று நாளில் வந்துவிடுவார். திரும்பி ரயிலில் வருவதாகச் சொல்கிறார். ஸ்டேஷன் வரைக்கும் நடக்க விடாதே, ஒரு வண்டி பிடித்துக் கொடு.

வாசலிலேயே குதிரையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடப் பார்ப்பார். விடாதே. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் உன் தட்டிலேயே சாப்பிட வை. மருதாணியைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்காதே. கேட்க வேண்டியதை என்னிடம் கேள், தம்பி.

அல்லாஹ் உன்னைச் சேணத்திலிருந்து சேதமில்லாமல் இறக்கட்டும்.

உன் அக்காள்,
ஃபக்ருன்னிசா