நாற்பத்தோராம் பக்கம்

டோர்செட் பார்க்
ஒக்டோபர் 3, 2024

அன்புள்ள தம்பி றிச்சர்ட்டுக்கு,

நலம். உன் சுகத்தையும் விசாரிக்கிறேன், முறைக்காக. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உன் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு நீ எழுதி வெளியிடப்போகும் சிறுவயது நினைவுப் புத்தகத்தை உன் மகள் றெபேக்கா கொண்டுவந்து, பிழை பார்த்துத் தரச் சொன்னாள். பார்த்தேன். லண்டனுக்கு வெளியே நம் கென்ற் கிராமத்து வீட்டு வாசலில் பால் போத்தல் மூடியைக் குருவி கொத்தியது, நிலக்கரிக்காரனின் குதிரை, அப்பா லண்டன் வேலைக்கு ஓடிப் பிடித்த ரயில், எல்லாம் சரி. நாற்பத்தோராம் பக்கம்தான் பொய்.

'முன்னொரு காலத்தில் அரசனைக் கொல்லச் சதி செய்தவன் என்று, நவம்பர் ஐந்தாம் திகதி தெருப் பிள்ளைகள் வைக்கோல் பொம்மை செய்து எரிப்பார்கள். 1958இல் அந்தப் பொம்மைக்கு உடுத்த அம்மாவின் பழஞ்சீலையை எடுத்துக் கொடுத்தவள் என் குறும்புக்கார அக்கா.'

பழஞ்சீலையா? அது அம்மாவின் கலியாணச் சீலை. எடுத்துக் கொடுத்தவன் நீ. அப்பா நம்மை மேசையில் இருத்தித் தமிழ் எழுதப் பழக்கியது இதற்காகவா? அந்த வரியைத் திருத்து.

உன் அக்கா,
அருள்மலர்


மில்லிக்கன்
ஒக்டோபர் 11, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. காரில் வந்தால் பதினைந்து நிமிடம். உங்கள் கோபம் ஐந்து நாள் தபாலில் கிடந்தும் ஆறவில்லை.

எழுபத்தேழு வயதில் எல்லோருக்கும் ஞாபகம் பிசகும். அறுபத்தாறு வருடக் கதைக்கு இப்போது வழக்கா? அப்பா உங்களைக் கப்பலேற்றி யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடத்துக்கு அனுப்பியதைத் தண்டனை என்று நீங்களாகவே நினைத்துக்கொண்டீர்கள். நல்ல படிப்பும் ஒழுக்கமும் கிடைத்தன. இதில் உங்களுக்கு என்ன நட்டம்?

இருநூறு பிரதி அச்சுக்குப் போகிறது. நவம்பர் பத்தாம் திகதி வெளியீடு. முன்வரிசையில் உங்களுக்குக் கதிரை இருக்கும். நல்ல சீலையாக உடுத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புத் தம்பி,
றிச்சர்ட்


டோர்செட் பார்க்
ஒக்டோபர் 19, 2024

தம்பிக்கு,

என்ன நட்டம் என்று கேட்கிறாய். சொல்கிறேன்.

அப்போது உனக்கு ஒன்பது வயதாகச் சில நாள் இருந்தது, எனக்குப் பதினொன்று. அந்தப் பையன்கள் உன்னையும் தங்கள் கூட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பதற்காக நீ அம்மாவின் அலமாரியைத் திறந்தாய். அவர்கள் பொம்மையின் முகத்தில் கொக்கோ பூசி, சீலையைச் சுற்றி, கைவண்டியில் வைத்துத் தெருத்தெருவாக இழுத்தார்கள். அது யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா குசினி யன்னலில் நின்று தான் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆர் எடுத்துக் குடுத்தது?" என்று அப்பா பெல்ற்றைக் கழற்றினார். நீ என் பக்கம் விரலை நீட்டினாய்.

நீ அங்கேயே படித்து, எஞ்சினியராகக் கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்தாய். நான் மடத்தில் வளர்ந்து, யாழ்ப்பாணத்துச் சண்டைக்குள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடி, இந்தக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடிக்கு அகதியாக வந்தேன். அதையெல்லாம் விடு. மடத்துக்கு அம்மா மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். ஒவ்வொன்றும் 'நான் உன்னை மன்னித்துவிட்டேன் மகளே' என்று முடியும். நான் செய்யவில்லை என்று எத்தனையோ தரம் எழுதினேன். அவள் நம்பவேயில்லை. நான்தான் செய்தேன் என்று நினைத்தபடியே கண்ணை மூடினாள். அதுதான் என் நட்டம்.

வெளியீட்டில் மேடையேறி, கொடுத்தவன் நீ என்று சொல். சொன்னால் வருகிறேன்.

அருள்மலர்


மில்லிக்கன்
ஒக்டோபர் 28, 2024

அக்காவுக்கு,

கேட்டீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ஓம், நான்தான் கொடுத்தேன். அது அம்மாவுக்கும் தெரியும். நான் சீலையைச் சுருட்டிக்கொண்டு பின்வாசலால் ஓடியதை அவள் கண்டவள்.

அப்பா உங்களை அடித்து முடித்தபின் நான் உண்மையைச் சொல்லத்தான் போனேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். "வாயைத் திறக்காதை. உன்னை அனுப்பினால் உன்ரை படிப்புப் பாழ். அவள் பொம்பிளைப்பிள்ளை, எங்கையெண்டாலும் வளருவாள்" என்றாள்.

இத்தனை வருடமாக நான் பொய்யனாக இருந்தது யாருக்காக? புத்தகத்தை அம்மாவுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறேன். இப்போது சொல்லுங்கள், மேடையில் எதைச் சொல்ல? அம்மா சொன்னதையும் சேர்த்தா?

றிச்சர்ட்


டோர்செட் பார்க்
நவம்பர் 6, 2024

றிச்சர்ட்டுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு மூன்று நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தேன். பிறகு அம்மாவின் கடிதக் கட்டை எடுத்தேன். கிழிக்கத்தான் எடுத்தேன். கை வரவில்லை. அந்தப் பதினொரு வயதுக்குப் பிறகு அம்மாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வசனம்தான். நீ சொல்வது உண்மையென்றால் அவளுடைய மன்னிப்புப் பொய். குற்றம் என்னுடையது என்றால்தான் அது மன்னிப்பு.

அதனால் ஒன்றையும் திருத்தாதே. மேடையிலும் வாயைத் திறக்காதே. சீலையை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். அம்மா என்னை மன்னித்துவிட்டாள். உன்னை நான் மன்னிக்கவில்லை.

முன்வரிசைக் கதிரையை எடுத்துவிடு. இனி எனக்கு எழுதாதே.

அருள்மலர்