கப்பல் படியில் மாமியார்

ஜனவரி 11

மருமகளுக்கு,

'அன்பு' என்று முதலில் எழுதிப் பிறகு அடித்திருக்கிறேன். அடித்தது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. போனில் பேசியிருக்கலாம். ஆனால் நீ ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய். இவ்வளவு நல்ல கோபத்தை அப்படி வீணாக்க எனக்கு மனசில்லை.

நேற்று மூக்குக் கண்ணாடி வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு வந்தேன். புதுச் செருப்பு காலைக் கடித்தது. கையில் சாப்பாட்டுக் கூடை வேறு. எதிர்வீட்டு வாத்தியாரம்மாவையும் கூட்டிக்கொண்டு, "என் மருமக கப்பல்ல ஆபீசர், வாங்க, ஏறிப் பார்த்துட்டு ஒரு காபி குடிச்சுட்டு வரலாம்" என்று வழியெல்லாம் அளந்துகொண்டே வந்தேன்.

படியடியில் அந்த மீசைக்கார மாலுமி தடுத்தான். சரி, அவனுக்கு என்னைத் தெரியாது. பிறகு நீயே இறங்கி வந்தாய். வந்து என்ன சொன்னாய்? "அத்தை, உங்க பேரு லிஸ்ட்ல இல்ல. இன்னைக்கு யாரையும் ஏத்த முடியாது." கூடையைக்கூட நீ வாங்கவில்லை. வாத்தியாரம்மா என் காதருகே வந்து, "இது உங்க சொந்த மருமகதானே?" என்று கேட்டாள். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். சிமென்ட் தரை என்பதால் அதுவும் நடக்கவில்லை.

மாமாவிடம் சொன்னேன், அவர் சிரித்தார். என் பிள்ளை ஒரு பக்கமும் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறான். எனக்கு வாய்த்தவர்கள் இவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் நீ கொடுத்த வாக்கு ஞாபகம் இருக்கிறதா? "ஒரு வருஷம் போறேன் அத்தை. உங்களுக்குச் சரிப்படலேன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, இறங்கிடறேன்" என்றாய். வருஷம் முடியப்போகிறது. கப்பல் ஏஜென்ட் ஆபீசில் உனக்கு ஒரு நாற்காலி பார்த்து வைத்திருக்கிறேன். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிறது. யோசித்துக்கொள்.

உன் அத்தை


ஜனவரி 18

அன்புள்ள அத்தைக்கு,

மன்னித்துவிடுங்கள். உங்கள் முகம் வாடியதற்காக மன்னிப்புக் கேட்கிறேன், நிறுத்தியதற்காக இல்லை. நாளைக்கு நீங்கள் வந்தாலும் அதையேதான் செய்வேன். இதை ஒளித்துவைத்து இனிப்பாக எழுத எனக்கு வரவில்லை.

நான் இந்தக் கப்பலின் பாதுகாப்பு அதிகாரி. யார் ஏறுகிறார்கள், எதைக் கொண்டுவருகிறார்கள் என்பதற்கு நான்தான் பொறுப்பு. உலகம் முழுக்கக் கப்பல்களுக்கு ஒரே சட்டம். எச்சரிக்கை மூன்று நிலையாக இருக்கும். சாதாரண நாளில் முதல் நிலை. முந்தைய துறைமுகத்தில் இரண்டு பேர் சரக்குக்குள் ஒளிந்து ஏறப் பார்த்ததால், எங்களை இரண்டாம் நிலைக்கு உயர்த்தியிருந்தார்கள். அன்று வேலையாக வருபவர் தவிர யாரும் ஏறக்கூடாது, வெளிக் கூடையும் ஏறக்கூடாது. மீறினால் கப்பலை அங்கேயே பிடித்து வைப்பார்கள். அதோடும் விடாது. கடைசியாகப் போன பத்துத் துறைமுகங்களில் எப்படி நடந்துகொண்டீர்கள் என்று அடுத்த ஊரில் கேட்பார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்களே, அதே கதைதான்.

மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். இங்கே எல்லோருக்கும் ஒரே சட்டி அத்தை. கேப்டனின் மனைவி அட்டை இல்லாமல் வந்தாலும் படியடியில்தான் நிற்க வேண்டும். துறைமுகத்தில் வேலை பார்க்கும் வாத்தியாரம்மாவின் தம்பி உங்கள் இருவரையும் துறைமுகக் கேட்டுக்குள் எப்படிக் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதையும் எழுதிக் கொடுக்க வேண்டிவரும்.

அடுத்த மாதம் அங்கே வருகிறோம். பெயரும் அடையாள அட்டையும் முன்னாலேயே அனுப்பினால் நானே படியடியில் வந்து அழைத்துப்போகிறேன். வாக்கு வாக்குதான். இந்த வேலை எனக்கு உயிர். ஆனாலும் கடலை நீங்களே வந்து பார்த்த பிறகு 'இறங்கு' என்றால் இறங்கிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜனவரி 30

அன்பு மருமகளுக்கு,

அட்டையின் நகல் இத்துடன் இருக்கிறது. அதில் நான் பிடிபட்ட திருடி மாதிரி இருக்கிறேன், அதைப் பார்த்து ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிடாதே. வாத்தியாரம்மா தன் அட்டையையும் நீட்டினாள். "இரண்டாம் நிலை, மூன்றாம் நிலைன்னெல்லாம் இருக்கு, உங்களுக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டேன். எனக்கும் முழுதாகப் புரியவில்லை, அது நமக்குள் இருக்கட்டும்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்து மூன்று கண்ணாடி மாற்றிப் படித்துப் பார்த்தேன். எதில் படித்தாலும் நீ பிடிவாதக்காரி. வருகிறேன், பார்க்கிறேன், அப்புறம் சொல்கிறேன். ஏஜென்ட் ஆபீஸ்காரர் வருகிற மாசி கடைசி வரை காத்திருப்பார்.

உன் அத்தை


பிப்ரவரி 13

அன்புள்ள அத்தைக்கு,

கப்பல் நகர்ந்துவிட்டது. நீங்கள் எங்கே போனீர்கள்? நான் படியடிக்கு ஓடி வருவதற்குள், கடித்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் ஆட்டோவில் ஏறிவிட்டதாக மீசை சொன்னான். போனையும் எடுக்கவில்லை. மாமா, "அவ அடுப்படியில பாத்திரத்தை உருட்டிக்கிட்டிருக்கா" என்று மட்டும் சொன்னார்.

நடந்ததை மீசை இதுவரை எல்லா மாலுமிகளிடமும் சொல்லிவிட்டான். நீங்கள் அட்டையைக் காட்டி, கையெழுத்துப் போட்டு, எனக்காகக் காத்திருந்தீர்களாம். அப்போது கோட்டுப் போட்ட ஒருவர் வந்தாராம். மீசை அவருக்குச் சலாம் வைத்து வழிவிட்டானாம். நீங்கள் படிக்குக் குறுக்கே கையை நீட்டி, "ஏம்ப்பா, போன மாசம் என்னை நிறுத்தினே. இவரு கோட்டுப் போட்டா மாமனாரா? அட்டையைக் காட்டுங்க சார். ஏன் கண்ணாடி இப்படிச் சரிஞ்சிருக்கு?" என்றீர்களாம். அவர் அட்டையை எடுத்ததும் உங்கள் முகம் வெளுத்துவிட்டதாம். துறைமுக ஆய்வாளர் அத்தை அவர். முன்னறிவிப்பு இல்லாமல்தான் வருவார். முதலில் சோதிப்பதே படியடியில் அட்டை கேட்கிறார்களா என்பதைத்தான்.

என் பிழைப்பைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்துத்தானே ஓடினீர்கள்? நேர் எதிராக நடந்தது. அவர் சிரித்துக்கொண்டே மேலே வந்தார். "உங்க படிக்காவல் பிரமாதம். அந்தம்மாவை எங்கே பிடிச்சீங்க?" என்று கேட்டார். கேப்டன் மார்பை நிமிர்த்திக்கொண்டார். எனக்கும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்றுதான் தோன்றியது. முடியவில்லை. "சார், அவங்க எங்க ஆள் இல்ல, என் மாமியார். எங்க ஆள் உங்களை விட்டுட்டான்" என்று சொல்லிவிட்டேன்.

கேப்டன் பார்த்த பார்வையில் நான் பாதியாகிவிட்டேன். ஆய்வாளர் குறை எழுதினார். பிறகு உயிர்காப்புப் படகை இறக்கச் சொன்னார், தீயணைப்புக் குழாய்களைத் திறக்கச் சொன்னார். எல்லாம் வேலை செய்தது, அதனால் கப்பலைப் பிடித்து வைக்கவில்லை. படிக்காவலுக்கு எல்லோருக்கும் மறுபடி பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும் என்றார். கொடுத்தோம். மீசை இப்போது தன் நிழலிடம்கூட அட்டை கேட்கிறான். கேப்டன் மட்டும் இன்னும் என்னிடம் வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர எதுவும் பேசுவதில்லை.

நீங்கள் முடிவு சொல்லாமலே போய்விட்டீர்கள். ஏஜென்ட் ஆபீஸ் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கும். பயந்துகொண்டே கேட்கிறேன். என்ன சொல்கிறீர்கள் அத்தை?

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 21

அன்பு மருமகளுக்கு,

பாத்திரம் உருட்டியது உண்மை. கப்பல் என்னால் பிடிபட்டுவிட்டது, உன் வேலை போய்விட்டது என்று நினைத்து மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. போனை எடுக்கக் கை வரவில்லை. வேலை போக வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டாய், இப்போது ஏன் அழுகிறாய் என்று மாமா கேட்டார். அவர் வருஷத்துக்கு ஒருமுறை சரியாகக் கேட்பார்.

உன் கடிதத்தை முதலில் படித்தபோது எனக்கு உன் மேல் எரிச்சல்தான் வந்தது. கிடைத்த பாராட்டைக் கையில் வாங்கித் திருப்பிக் கொடுப்பாளா ஒருத்தி? மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். நீ ஆய்வாளரிடம் உண்மையைச் சொன்ன இடம் வந்ததும் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன். மீதியை அவர்தான் படித்தார்.

ஒன்று சொல்கிறேன், கேள். அன்று நீ என்னை நிறுத்தியது, இந்த மாமியாரை உனக்குப் பிடிக்காததால்தான் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டம் கிட்டம் என்பதெல்லாம் சாக்கு என்றே நினைத்தேன். இப்போது உன் மேலேயே அந்தச் சட்டத்தைப் போட்டுக்கொண்டு கேப்டனின் முறைப்பையும் வாங்கியிருக்கிறாய். என்னைவிட உன்னை நீ ஒரு படி கூடுதலாகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறாய். மனசு ஆறிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. இறங்கிவிடு என்று நான் சொன்னது கோபத்தில் இல்லை. வாத்தியாரம்மா விவகாரம் எல்லாம் மேலுக்குச் சொன்னது. எனக்குப் பயம். ஜன்னல் கதவு காற்றில் அடித்தாலே நீ எங்கே இருக்கிறாயோ என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். பக்கத்து அறையில் உன் வீட்டுக்காரனும் விழித்திருப்பது தெரியும். அவன் சோற்றைப் பிசைவதும் அதனால்தான்.

இன்று ஏஜென்ட் ஆபீசுக்குப் போனேன். "அந்த நாற்காலிக்கு வேற ஆளைப் பாருங்க. எங்க பொண்ணுக்குக் கப்பல்ல வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லி முடித்த பிறகும் பயம் அப்படியே இருந்தது. அது எங்கேயும் போகாது, நான் பார்த்துக்கொள்கிறேன். உன் கப்பலில் இருக்கும் ஒவ்வொருவன் வீட்டிலும் யாரோ ஒருத்தி இப்படித்தானே எழுந்து உட்கார்ந்திருப்பாள். அவர்களுக்கெல்லாம் அந்தப் படியில் நீ நிற்பது தெரியாது, எனக்குத் தெரியும். நீ இறங்காதே.

உன் அத்தை