உன்னிடம் சொல்லாத அழைப்பு

நாளைக் காலை கிளம்ப வேண்டும். பரணிலிருந்து இறக்கிய முதுகுப்பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்ததும் நீலகிரித் தைலம் குப்பென்று முகத்தில் அடித்தது. உன் புட்டி இல்லை, எப்போதோ கசிந்து துணியில் ஊறிய வாசனை மட்டும். அதற்குப் பிறகு எதையும் மடித்து வைக்க முடியவில்லை. அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும்.

நாம் கோலாலம்பூர் போன நாள். தாம்பரத்துப் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் புவியியல் நடத்தியவள் நீ. மலாக்கா நீரிணையைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவாய். ஆனால் பீர்க்கன்கரணை வீட்டையும் படுக்கையில் இருந்த அப்பாவையும் விட்டுவிட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. மலிவு டிக்கெட் ஒன்று கண்ணில் பட்டதும், பக்கத்து வகுப்பில் கணக்கு எடுக்கும் நான்தான் உன்னை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். அந்த நாலு நாளும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள உன் தம்பி கீழ்க்கட்டளையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

ஆளுக்கு ஏழு கிலோவுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. அதனால் நீ இரண்டு சுடிதாரை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே ஸ்வெட்டரும் மாட்டிக்கொண்டு மின்சார ரயில் ஏறினாய். சித்திரை வெயில் வேறு. திரிசூலத்தில் இறங்கி விமான நிலையத்துக்கு நடக்கும்போது உனக்கு வேர்த்து ஊற்றியது. "பையோட சேத்து என்னையும் எடை போட்டாங்கன்னா மாட்டினோம்டி," என்றாய்.

கேட் அருகே உட்கார்ந்திருந்தபோது தம்பி உன்னைக் கூப்பிட்டான். அப்பா காலையிலிருந்து கஞ்சியைத் தள்ளிவிடுகிறாராம். நீ உடனே எழுந்துவிட்டாய்.

"நான் வீட்டுக்குப் போறேன். நீ போயிட்டு வா."

"போன மாசம் நீ டிரெயினிங் போனப்பவும் இதேதானே சொன்னான்? சாயங்காலம் நீ போய்ப் பாத்தா அப்பா சிரிச்சிட்டு இருந்தாரு."

உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாய். பிறகு போனை அணைத்துப் பைக்குள் போட்டாய். வரிசை நகர ஆரம்பித்தது. நீ முன்னால், நான் பின்னால்.

அப்போது என் போன் அடித்தது. உன் தம்பி.

"அக்கா, அப்பாவுக்கு மூச்சு வாங்குது. நெஜமாத்தான் சொல்றேன். அவளைத் திரும்பி வரச் சொல்லுங்க."

நீ போர்டிங் பாஸை நீட்டி, அங்கிருந்த பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய். ஸ்டாஃப் ரூமில் ஒருநாளும் நான் பார்க்காத சிரிப்பு.

"நாங்க உள்ள ஏறிட்டோம் தம்பி. பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போ," என்று சொல்லி அணைத்துவிட்டேன். நாம் ஏறியிருக்கவில்லை. நீ என் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாய்.

மலிவு டிக்கெட் என்பதால் இருக்கைகள் ஆளுக்கொரு பக்கம். நீ ஒன்பதாம் வரிசை, நான் இருபத்தேழு. அந்த நாலு மணி நேரத்தில் எத்தனை முறை பெல்ட்டைக் கழற்றி மாட்டினேன் என்று தெரியாது. உன் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஒருமுறை சொல்லிவிடுவதென்றே எழுந்து உன்னிடம் வந்தேன். நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஜன்னலோடு ஒட்டியிருந்தாய். "இப்ப அந்தமான் பக்கம் போறோம்டி!" என்றாய். நான் திரும்பிவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர், "முதல் தடவையாம்மா? பயப்படாதீங்க," என்றார். தலையாட்டினேன்.

கோலாலம்பூரில் இறங்கியதும் விமான நிலைய வைஃபை கிடைத்தது. நீ ஒதுங்கிப்போய்த் தம்பியைக் கூப்பிட்டாய். வெகுநேரம் பேசினாய். நான் பைகளைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

திரும்பி வந்தாய். "மூச்சுத் திணறலாம். நெபுலைசர் வச்சாங்களாம். இப்ப ரெண்டு இட்லி சாப்பிட்டுத் தூங்குறாராம்." என் முகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாய். "வா, டீ குடிக்கலாம்."

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "நாலு மணி நேரம் யாராலயும் என்னைக் கூப்பிட முடியலடி. பயமாவும் இருந்துச்சு, நல்லாவும் இருந்துச்சு."

அதற்குப் பிறகு கொழும்பு போனோம், ஹனோய் போனோம். அந்த அழைப்பைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. போன மழைக்காலத்தில் ஐந்து நாள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அப்பா இன்னும் இருக்கிறார்.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் போனபின் அவர் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது அவளுக்குத் தெரியும்மா," என்றார். அன்று போனிலேயே தம்பி உன்னிடம் சொல்லிவிட்டானாம். "ஏன் நீ உன் சிநேகிதியைக் கேக்கலன்னு நான்கூட அவகிட்டக் கேட்டேன். கேட்டா அவ இனிமே என்னை எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டாப்பான்னு சொன்னா."

அப்படியென்றால், டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தபோதே உனக்குத் தெரியும். ஹனோயில் குடைக்குள் என்னோடு ஒண்டி நடந்தபோதும் தெரியும். போவதா திரும்புவதா என்பது நீ எடுத்திருக்க வேண்டிய முடிவு. உன்னைக் கேட்காமல் நான் எடுத்தேன். என்னிடம் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று நீ ஒரு முடிவு எடுத்து, கடைசிவரை அதைக் காப்பாற்றினாய்.

என்னை மன்னித்துவிட்டாயா? இல்லை, யாராவது ஒருத்தி உனக்காக அந்த முடிவை எடுக்கட்டும் என்று நீயும் காத்திருந்தாயா? நீ போய் நாற்பது நாள் கழித்துத்தான் இதைக் கேட்கவே எனக்குத் தோன்றியது. பினாங்குக்கு நாளை நான் தனியாகத்தான் போகிறேன். பதில் தெரியாமல்தான் போகிறேன்.