காய்ச்சல் பேசிய பேச்சு

என்னங்க,

காலை ஷிப்டு, கிளம்புகிறேன். எழுப்ப மனசு வரவில்லை.

பத்து மணிக்கு நர்ஸ் வருவார். மாமாவின் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, கொஞ்சம் பாட்டிலில் எடுத்துத் தருவார். போன தடவை மாதிரி, உதவி செய்கிறேன் என்று நீங்களே அவருடைய சிறுநீர்க் குழாயில் மாட்டிய பையைத் திறந்து பாட்டிலில் பிடித்து வைக்காதீர்கள். பையில் தேங்கியது பழசு, இல்லாத கிருமியையெல்லாம் காட்டும். குழாயில் கிளிப் போட்டு நிறுத்தி, புதிதாக இறங்குவதை நர்ஸ் சிரிஞ்சால் எடுப்பார். போகும்போது கிளிப்பைக் கழற்றிவிட்டாரா என்று பாருங்கள், இல்லையென்றால் மாமாவுக்கு அடிவயிறு முட்டிக்கொள்ளும். பாட்டிலை உடனே லேபில் கொடுங்கள். ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்தீர்களோ, நான் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன்!

"நீ என் புள்ளையே இல்ல, வெளிய போ" என்று ராத்திரி மாமா கத்தியதும், நீங்கள் சாப்பிடாமல் ஹாலில் போய்ப் படுத்ததும் எனக்கும் வலித்தது. இந்த வயதில் சிறுநீரில் கிருமி சேர்ந்தால் புத்தி தடுமாறும் என்று டாக்டர் சொன்னார். "மனசுல இருந்ததுதான் வாயில வந்துச்சு" என்று என்மேல் எரிந்து விழுந்தீர்கள்.

சாப்பாடு அடுப்பு மேடையில் மூடியிருக்கிறது.

பி.கு.: செருப்பு மாட்டும்போது மாமா கூப்பிட்டார். உடம்பு இன்னும் சுடுகிறது, பேச்சு தெளிவு.

"ஏம்மா, அவன் ஏன் ஹால்ல படுத்திருக்கான்? நான் ஏதாவது சொல்லிட்டேனா?"

"ஒண்ணும் இல்ல மாமா, இங்க புழுக்கமா இருக்குன்னு போனார்."

உங்களிடமும் கேட்பார். புழுக்கம் என்றே சொல்லுங்கள்.